ஐம்பது வயதில் ஒரு கத்துக்குட்டி

ஊருக்கு ஹெலிகாப்டர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் பாடப்புத்தகத்தை விட்டு, சாப்பாட்டை விட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் மைதானத்துக்கு ஓடிய அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. தேர்தல் சமயம். தலைவர் வருகிறார் என்று மைக் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோஷ்டியில் தலைவரைப் பார்க்க ஒருத்தனும் போகவில்லை.

வந்தது. இறங்கியது. ஊரில் இருந்த மொத்தப் புழுதியும் எழும்பி வாய்க்குள் போனது. தலைவர் இறங்கி இரு கை கூப்பினார். நாங்கள் அவர் தலைக்கு மேலே இன்னும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வண்டியை ஓட்டுகிற ஆசாமி எவ்வளவு கொடுத்துவைத்தவன்! பெரியவனானால் இதைத்தான் ஓட்டுவது என்று அன்றைக்கு ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு முடிவெடுத்தேன்.

அப்புறம் என்ன ஆயிற்று? பி.காம். ஆயிற்று. டெபிட், கிரெடிட், டிரயல் பேலன்ஸ். ஹெலிகாப்டர் எந்தப் பக்கத்திலும் டேலி ஆகவில்லை.

உங்களிடமும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். ஹெலிகாப்டர் இல்லாவிட்டால் வீணை. வீணை இல்லாவிட்டால் நீச்சல். பரணில் கட்டிப் போட்டு வைத்திருப்பீர்கள். யாராவது ஞாபகப்படுத்தினால், ‘இனிமே எங்கே சார், வயசாயிடுச்சு’ என்று சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கும் தெரியும்.

அதனால்தான் இந்த வாரம் ஒரு மனிதரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். ஹெலிகாப்டர் ஓட்டவேண்டும் என்பது இவருடைய சின்ன வயது ஆசை. ஓட்டக் கற்றுக்கொள்ள உட்காரும்போது இவருக்கு வயது 50. அதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, சொல்லிக்கொடுக்க அங்கே வாத்தியார் இல்லை. இரண்டு, ஓட்டுவதற்கு ஹெலிகாப்டரும் இல்லை. அதையும் அவரேதான் செய்துகொள்ளவேண்டியிருந்தது.

பெயர் ஈகோர் சிகோர்ஸ்கி.

★

1889ம் வருஷம் மே மாதம் 25ம் தேதி கீவ் நகரத்தில் பிறந்தார். இன்றைக்கு உக்ரைனின் தலைநகரம். அன்றைக்கு ரஷ்ய சாம்ராஜ்ஜியத்தில் ஓர் ஊர். அப்பா மனநல மருத்துவப் பேராசிரியர். அம்மாவும் மருத்துவம் படித்தவர். டாக்டராக வேலை பார்க்காமல் வீட்டோடு இருந்தார். பையனுக்குக் கதை சொல்வார். அந்தக் கதைகளில் லியனார்டோ டா வின்ச்சி வந்தார். முன்னூறு, நானூறு வருஷத்துக்கு முன்னால் திருகாணி மாதிரி ஒன்றை வரைந்து, இது சுற்றினால் ஆகாயத்தில் எழும்பும் என்று யோசித்த மனிதர். போதாக்குறைக்கு ஜூல்ஸ் வெர்னின் நாவல் ஒன்று பையன் கையில் கிடைத்தது. அதில் நிறைய விசிறிகள் வைத்த ஒரு கப்பல் வானத்தில் போகும்.

அவ்வளவுதான். பையன் கெட்டுப்போனான்.

பதினோரு வயது வாக்கில் சிகோர்ஸ்கிக்கு ஒரு கனவு வந்தது. நிஜமாகவே தூக்கத்தில் வந்த கனவு. குறுகலான, அழகான ஒரு நடைபாதையில் நடக்கிறான். இரண்டு பக்கமும் பளபளவென்று மரக் கதவுகள். மேலே நீல நிறத்தில் விளக்கு. காலுக்குக் கீழே லேசாக ஓர் அதிர்வு. கப்பல் என்றால் இப்படி அதிராதே? அப்போதுதான் புரிகிறது. இது பறந்துகொண்டிருக்கிறது.

விழித்துக்கொண்டான். வீட்டில் சொன்னான். அதெல்லாம் நடக்காது, மனுஷனால் பறக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. இது 1900ம் வருஷ வாக்கில் நடக்கிறது. ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

பன்னிரண்டு வயதில் ரப்பர் பேண்டை முறுக்கிவிட்டால் மேலே கிளம்புகிற ஒரு பொம்மை ஹெலிகாப்டர் செய்தான். அது கிளம்பியது. பொம்மை கிளம்பினால் பெரிதும் கிளம்பும்தானே? பன்னிரண்டு வயதுக் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

★

கடற்படைப் பள்ளியில் மூன்று வருஷம் படித்தார். பிடிக்கவில்லை. வெளியே வந்து கீவ் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். 1908ல் அப்பாவோடு ஜெர்மனி போயிருந்தபோது ரைட் சகோதரர்கள் பற்றிய செய்தியைப் படித்தார். அதற்குமேல் படிப்பில் மனம் நிற்குமா? அக்கா ஓல்கா கையில் கொஞ்சம் பணம் கொடுத்தார். 1909 ஜனவரியில் பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு விமானப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் போய்ச் சேரும் ஊர் அது.

அங்கே ஃபெர்டினாண்ட் ஃபெர்பெர் என்று ஒரு ராணுவ கேப்டன். விமான விஷயத்தில் பெரிய அனுபவஸ்தர். அவரிடம் போய், ஹெலிகாப்டர் செய்யப் போகிறேன் என்றார் சிகோர்ஸ்கி. ஃபெர்பெர் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். ஹெலிகாப்டரில் காலத்தை வீணாக்காதே தம்பி, விமானம் செய், அதற்குத்தான் எதிர்காலம்.

இருபது வயதுப் பையன் கேட்பானா? ஆன்சானி கம்பெனியின் 25 குதிரைசக்தி இன்ஜின் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். 1909 கோடையில் முதல் ஹெலிகாப்டர் தயார். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள், எதிரெதிர்த் திசையில் சுற்றுகிற மாதிரி. இன்ஜினைப் போட்டார். ஆடியது. நடுங்கியது. நடக்கப் பார்த்தது. எழும்ப மட்டும் இல்லை.

1910ல் இரண்டாவது ஹெலிகாப்டர். இது கொஞ்சம் பரவாயில்லை. தன் எடையைத் தானே தூக்கியது. ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்தால் மட்டும், ம்ஹும். ஆளில்லாமல் பறக்கிற வண்டியில் அன்றைய தேதிக்கு யாருக்கு என்ன லாபம்?

இங்கேதான் நீங்களும் நானும் கவனிக்கவேண்டிய இடம் வருகிறது.

வெற்றிக் கதைகளில் வழக்கமாக என்ன எழுதுவார்கள்? ஊரே தடுத்தது, அவர் விடவில்லை, மூன்றாவது ஹெலிகாப்டர் செய்தார், பறந்தார், சுபம். சிகோர்ஸ்கி அப்படிச் செய்யவில்லை. நிறுத்திவிட்டார். ஃபெர்பெர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும் ஃபெர்பெர் அப்போது உயிரோடு இல்லை. 1909 செப்டம்பரிலேயே விமான விபத்தில் போய்விட்டார்.

ஏன் நிறுத்தினார்? இன்ஜினின் கனத்துக்கு அது தருகிற சக்தி போதவில்லை. தோதான பொருள்கள் இல்லை. பணம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, தனக்கே இன்னும் போதுமான விஷய ஞானம் இல்லை. இதெல்லாம் வருகிறவரை ஹெலிகாப்டர் காத்திருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

எங்கள் கணக்குப் பதிவியலில் ஒரு சமாசாரம் உண்டு. இந்த வருஷம் நஷ்டமா? அதை அடித்துத் துடைத்துவிட வேண்டாம். அடுத்த வருஷத்துக்கு எடுத்துப் போகலாம். கேரி ஃபார்வர்டு என்பார்கள். எப்போது லாபம் வருகிறதோ அப்போது அதில் கழித்துக்கொள்ளலாம். வருமானவரிச் சட்டத்தில் அதற்கு எட்டு வருஷம் என்று ஒரு கெடு இருக்கிறது. சிகோர்ஸ்கி தன் நஷ்டத்தை எத்தனை வருஷம் எடுத்துப் போனார் தெரியுமா?

ஏறக்குறைய முப்பது.

★

அந்த முப்பது வருஷமும் அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு மனிதனுக்கு நான்கு ஜென்மத்துக்குப் போதுமான வேலை பார்த்தார்.

1910 ஜூனில் அவர் செய்த எஸ்-2 விமானம் பறந்தது. விழுந்தது. இன்னொன்று செய்தார். 1911ல் ஒருமுறை பறந்துகொண்டிருக்கும்போது இன்ஜின் நின்றுபோய்ச் சுவரில் மோதாத குறையாகத் தரையிறங்கவேண்டி வந்தது. காரணத்தைத் தேடினால் பெட்ரோலில் விழுந்த ஒரு கொசு! எரிபொருள் போகிற துவாரத்தைப் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கொசு நினைத்தால் ஒரு விமானத்தைக் கவிழ்க்கலாம் என்றால், விமானத்துக்கு ஒரு இன்ஜின் எப்படிப் போதும்? 1913ல் நான்கு இன்ஜின் வைத்து ஒரு ராட்சஸ விமானம் செய்தார். உலகத்தின் முதல் நான்கு இன்ஜின் விமானம் அதுதான். மூடிய அறை, உட்கார நாற்காலி, முன்னால் நின்று வேடிக்கை பார்க்க பால்கனி. ஜார் மன்னர் நிக்கோலஸ் நேரில் வந்து பார்த்துவிட்டு ஒரு தங்க கடிகாரம் பரிசளித்தார்.

அடுத்த வருஷம் முதல் உலகப் போர். அவருடைய விமானங்கள் குண்டு வீசப் போயின. எழுபதுக்கு மேல் செய்து கொடுத்தார். ஈகோர் சிகோர்ஸ்கி என்றால் ரஷ்யாவில் தெரியாதவர் கிடையாது.

1917ல் புரட்சி. ஜாரோடு பழகியவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. 1918ல் கிளம்பிவிட்டார். வீடு போச்சு, சொத்து போச்சு, பேர் போச்சு. பிரான்ஸுக்குப் போய் அங்கே ஒரு குண்டு வீச்சு விமானம் வரைந்து கொடுத்தார். போர் முடிந்து, அந்த வேலையும் போச்சு. 1919 மார்ச் 30ம் தேதி நியூயார்க்கில் வந்து இறங்கினார். சட்டைப்பையில் சில நூறு டாலர்கள். வயது 29.

விமான வேலை கிடைக்கவில்லை. போர் முடிந்துவிட்டது, விமானம் யாருக்கு வேண்டும்? தன்னைப்போல் பிழைப்புத் தேடி வந்த ரஷ்யர்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்தார். ட்யூஷன் வாத்தியார். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சரியாக இருந்தது.

1923ல் நண்பர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். இடம், லாங் ஐலண்டில் ஒரு ரஷ்ய நண்பரின் கோழிப் பண்ணை. கம்பெனிக்குப் பணம் சேரவில்லை. பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சாமான்களை வைத்து வேலை நடந்தது. அப்போது ஒரு நாள் உயரமான ஒரு மனிதர் வந்தார். பார்த்தார். 5,000 டாலருக்குப் பங்கு வாங்கிக்கொண்டார். வந்தவர் செர்கேய் ராக்மனினோவ். உலகப் புகழ்பெற்ற இசை மேதை. தன் பெயரால் கம்பெனிக்கு நாலு பேர் பணம் போடுவார்கள் என்றால் போடட்டும் என்று துணைத் தலைவராகவும் இருக்கச் சம்மதித்தார். அந்தக் கோழிப் பண்ணை விமானம் பிற்பாடு சம்பாதித்த காசில் ஒரு பங்கு, இரண்டு பியானோக்களை வாஷிங்டனுக்குத் தூக்கிக்கொண்டு போனதற்குக் கிடைத்தது. பொருத்தத்தைப் பாருங்கள்.

மேடும் பள்ளமுமாகப் போனது. 1926ல் அட்லாண்டிக்கைத் தாண்ட அவர் செய்து கொடுத்த விமானம் கிளம்பும்போதே கவிழ்ந்து எரிந்தது. இரண்டு பேர் செத்துப்போனார்கள். கம்பெனி அதோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. 1928ல் தண்ணீரிலும் தரையிலும் இறங்குகிற எஸ்-38 வந்தது. பிய்த்துக்கொண்டு போனது. யுனைடெட் ஏர்கிராஃப்ட் என்கிற பெரிய நிறுவனம் கம்பெனியை வாங்கிக்கொண்டது.

1931ல் பான் அமெரிக்கன் கம்பெனிக்காக அவர் செய்த பெரிய பறக்கும் படகில் சிகோர்ஸ்கியும் ஏறிப் போனார். சாயங்காலம். பணியாள் ஒருவர் வந்து விளக்கைப் போட்டார். நீல வெளிச்சம். இரண்டு பக்கமும் வால்நட் மரக் கதவுகள். நடைபாதை. காலுக்குக் கீழே லேசான அதிர்வு.

நின்றுவிட்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் கீவில் ஒரு சின்னப் பையன் கண்ட கனவுக்குள் அவர் நின்றுகொண்டிருந்தார்.

சினிமாவாக இருந்தால் இங்கே வணக்கம் போடலாம். ஆனால் பாருங்கள், அந்தக் கனவுக் கப்பல் பலித்துவிட்டதே தவிர, ரப்பர் பேண்ட் பொம்மை இன்னும் பலிக்கவில்லை. அதே 1931ல்தான் ஹெலிகாப்டர் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு சிகோர்ஸ்கி விண்ணப்பம் போட்டார். தலைக்கு மேலே பெரிய விசிறி ஒன்று. வாலில் சின்ன விசிறி ஒன்று. 1935ல் காப்புரிமை கிடைத்தது. பரணில் போட்டதை அவ்வப்போது இறக்கித் தூசி தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

★

வாலில் எதற்கு அந்தச் சின்ன விசிறி? ரொம்ப சிம்பிள். வீட்டில் சீலிங் ஃபேன் ஓடுகிறது. இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். கம்பி கூரையில் மாட்டியிருக்கிறதே, அதனால் சுற்றாமல் இருக்கிறது. ஹெலிகாப்டர் ஆகாயத்தில் நிற்கிறது. மாட்டிவைக்கக் கூரை கிடையாது. இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் வண்டியே ஓட்டுகிறவரோடு சேர்ந்து மறு பக்கம் பம்பரமாகச் சுற்றும். அதைத் தடுக்கத்தான் வால் விசிறி. பக்கவாட்டில் காற்றைத் தள்ளி உடம்பை நேராகப் பிடித்து வைக்கிறது.

இப்போது ஓட்டுகிற விஷயத்துக்கு வருவோம். இன்றைய ஹெலிகாப்டரில் ஏறி உட்காருங்கள். இடது கையில் ஒரு நெம்புகோல். தூக்கினால் எல்லா இறக்கைகளும் ஒன்றாகச் சாய்வு மாறும், வண்டி மேலே போகும். வலது கையில் ஒரு தடி. எந்தப் பக்கம் சாய்க்கிறீர்களோ அந்தப் பக்கம் வண்டி போகும். காலில் இரண்டு மிதிகள். வால் விசிறிக்கு. கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? சிக்கல் என்னவென்றால் இது மூன்றும் கூட்டுக் குடும்பம். இடது கையைத் தூக்கினால் இன்ஜின் இழுப்பு கூடும், மூக்கு திரும்பும், காலை மிதிக்கவேண்டும். காலை மிதித்தால் வண்டி ஒரு பக்கம் நகரும், வலது கையால் சரிக்கட்டவேண்டும். சரிக்கட்டினால் உயரம் குறையும், மறுபடி இடது கை. ஒரே இடத்தில் அசையாமல் அந்தரத்தில் நிற்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அதனால்தான் பயிற்சியின் தொடக்கத்தில் ஒன்றை மட்டும் மாணவரிடம் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் வாத்தியார் பிடித்துக்கொள்வார்.

சிகோர்ஸ்கிக்கு மற்ற இரண்டையும் பிடித்துக்கொள்ள யார் இருந்தார்கள்?

★

1938 கடைசி. பறக்கும் படகுகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆர்டர் இல்லை. யுனைடெட் ஏர்கிராஃப்ட் மேலிடம் அவரைக் கூப்பிட்டு, உங்கள் பிரிவை இழுத்து மூடப் போகிறோம் என்று சொல்லிவிட்டது. வேண்டுமானால் ஏதாவது சொந்த ஆராய்ச்சி செய்யுங்கள், உதவுகிறோம் என்று ஒரு மரியாதைக்குச் சொன்னார்கள்.

கிட்டத்தட்ட ஐம்பது வயது. தான் ஆரம்பித்த கம்பெனியை மூடுகிறார்கள். நீங்களாக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்? செட்டில்மெண்ட் எவ்வளவு என்று கேட்டிருப்போம். சிகோர்ஸ்கி இரண்டு விஷயம் கேட்டார். என் ஆட்களை என்னிடம் விட்டுவிடுங்கள். ஹெலிகாப்டர் செய்ய விடுங்கள்.

சரி என்றார்கள்.

அதற்குள் உலகம் நின்றுவிடவில்லை. ஸ்பெயினில் சியெர்வா செய்த ஆட்டோஜைரோ 1923லேயே பறந்திருந்தது. ஜெர்மனியில் எஃப்டபிள்யூ-61 என்ற ஹெலிகாப்டர் 1936ல் பறந்து, 1938ல் ஹன்னா ரைட்ச் என்ற பெண் விமானி அதை ஒரு மண்டபத்துக்குள்ளேயே ஓட்டிக் காட்டி ஜனங்களை வாயைப் பிளக்க வைத்திருந்தார். அது இரண்டு பக்கமும் கை நீட்டி இரண்டு விசிறி வைத்த வண்டி. ஒரே விசிறி, வாலில் ஒரு விசிறி என்பது சிகோர்ஸ்கி பிடித்த பிடிவாதம்.

1939 செப்டம்பர் 14. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கனெக்டிகட் மாநிலம், ஸ்டிராட்ஃபோர்டு. இரும்புக் குழாய்களை ஒட்டவைத்த ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. விஎஸ்-300. 75 குதிரைசக்தி இன்ஜின். சுவர் இல்லை, கூரை இல்லை, கண்ணாடி இல்லை. முன்னால் ஓர் இருக்கை. கோட் போட்டு, தலையில் ஃபெடோரா தொப்பி வைத்த ஒரு மனிதர் அதில் போய் உட்கார்ந்தார். வழுக்கை விழ ஆரம்பித்து, மீசை வைத்து, பார்ப்பதற்குப் பேங்க் மேனேஜர் மாதிரி இருப்பார். வண்டி எக்குத்தப்பாகக் கிளம்பிவிடாமல் கனமான எடைகளைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

கம்பெனியில் சோதனை விமானிகள் இருந்தார்களே, அவர்களை உட்காரவைத்திருக்கலாமே? தான் செய்த புது வண்டியைத் தான்தான் முதலில் ஓட்டவேண்டும் என்பது ரஷ்யாவிலிருந்தே அவர் வைத்திருந்த வழக்கம். விழுந்தால் தான் விழவேண்டும்.

சக்கரங்கள் தரையை விட்டன. சில அங்குலம். சில விநாடி. இறங்கிவிட்டது.

அவ்வளவுதானா என்கிறீர்களா? அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு அவ்வளவு.

வண்டி அப்படி அதிர்ந்தது. கட்டுப்பாட்டுக்குள் நிற்கவில்லை. டிசம்பரில் ஒரு காற்று அடித்துக் கவிழ்ந்தே போனது. கூட வேலை பார்த்தவர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர், ‘ஈகோரின் துர்க்கனவு’. பிரித்தார்கள். வாலில் இன்னும் இரண்டு விசிறி சேர்த்தார்கள். 1940 மே 13ம் தேதி கம்பியை அவிழ்த்துவிட்டுத் தன்னிச்சையாகப் பறந்தார் சிகோர்ஸ்கி.

இப்போது ஒரு வேடிக்கை. வண்டி மேலே போனது. கீழே வந்தது. பக்கவாட்டில் போனது. பின்பக்கமாகக்கூட ஜோராகப் போனது. முன்பக்கம் மட்டும் போக மறுத்தது. பெரிய விசிறி தள்ளுகிற காற்று வாலில் இருந்த விசிறிகளைப் போய்க் குழப்பியது. மேலதிகாரி ஒருவருக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். எல்லாம் சரி, முன்னால் போகிற காட்சி ஒன்றுகூட இல்லையே என்று அவர் கேட்டார். நாங்கள் இன்னும் தீர்க்காத சின்னப் பிரச்னைகளில் அதுவும் ஒன்று என்று பணிவாகப் பதில் சொன்னார் சிகோர்ஸ்கி.

ஓட்டும் கலையும் ஒவ்வொரு நாளாக வந்தது. வாலை மாற்றினால் கையும் காலும் பழகிய பழக்கமெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து. எப்படிச் செய்வது என்று தெரியாமல் ஒன்றை வரைந்து, எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் கட்டி, எப்படி ஓட்டுவது என்று தெரியாமல் ஓட்டிப் பார்க்கிற வாய்ப்பு என்று பிற்பாடு இந்த நாள்களைப் பற்றி அவர் சொன்னார். அதைப் புகாராகச் சொல்லவில்லை. வாழ்க்கையை இன்னொரு தடவை வாழக் கிடைத்த சந்தர்ப்பம் என்று சந்தோஷமாகச் சொன்னார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நாலு இன்ஜின் விமானம் செய்து ஜாரிடம் கடிகாரம் வாங்கியவர், ஐம்பது வயதில், ஒன்றும் தெரியாத கத்துக்குட்டியாக நாலு பேர் முன்னால் தடுமாறுவதற்குக் கூச்சப்படவில்லை.

நாம் எதற்கு பயப்படுகிறோம்? வயதுக்கா? இல்லை. அந்தக் கூச்சத்துக்குத்தான்.

1941 மே 6ம் தேதி 1 மணி 32 நிமிடம் 26 விநாடி அந்தரத்தில் நின்று ஜெர்மானிய ஹெலிகாப்டரின் சாதனையை முறியடித்தார். அந்த வருஷ டிசம்பரில் வால் மறுபடி ஒற்றை விசிறிக்கு வந்தது. காப்புரிமையில் வரைந்தது எப்படியோ ஏறக்குறைய அப்படி. இன்றைக்கு உலகத்தில் பறக்கிற பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் அந்த ஜாடையில்தான் இருக்கின்றன. 1942 மே மாதம் அடுத்த மாடல் ஸ்டிராட்ஃபோர்டிலிருந்து ஒஹையோவின் டேட்டன் வரை 761 மைல், ஐந்து நாளில் போய்ச் சேர்ந்தது. அங்கே வந்து பார்த்தவர்களில் ஒருவர் ஆர்வில் ரைட். 1943 அக்டோபரில் விஎஸ்-300, ஹென்றி ஃபோர்டின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

★

இதில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. 1944 ஏப்ரல். பர்மாவில் ஜப்பானியர்களின் கோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அமெரிக்க விமானம் விழுந்துவிட்டது. விமானியோடு காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள். சுற்றிலும் காடு, வயல். விமானம் இறங்க வழியில்லை. அன்றைய அஸ்ஸாமின் லாலாகாட் தளத்தில் சிகோர்ஸ்கியின் ஹெலிகாப்டர் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கார்ட்டர் ஹார்மன் என்ற இளைஞர் மலை தாண்டிப் போனார். வெயிலில் இன்ஜின் கொதித்தது. ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. ஏப்ரல் 25, 26 இரண்டு நாளில் ஒவ்வொருவராக நாலு பேரையும் கொண்டுவந்து சேர்த்தார். போர்க்களத்திலிருந்து ஹெலிகாப்டர் ஆளை மீட்டது அதுதான் முதல் தடவை.

1945 நவம்பர் 29ம் தேதி ஸ்டிராட்ஃபோர்டு பக்கத்திலேயே கடலில் ஓர் எண்ணெய்ப் படகு புயலில் பாறை தட்டி நின்றது. சிகோர்ஸ்கி கம்பெனியின் ஹெலிகாப்டர் போய்க் கம்பியில் தொங்கவிட்டு இரண்டு பேரைத் தூக்கி வந்தது. ஆபத்தில் இருக்கிறவனுக்கு விமானத்தால் ஆகாயத்திலிருந்து பூப் போடத்தான் முடியும், ஹெலிகாப்டரால் மட்டும்தான் இறங்கி வந்து தூக்க முடியும் என்று சிகோர்ஸ்கி சொல்வார்.

ஹெலிகாப்டர் குண்டும் வீசும். வியட்நாமில் வீசியது. அவருடைய கணக்கில் இரண்டு பக்கமும் உண்டு. நான் மறைக்கமாட்டேன். ஆனால் எந்தப் பக்கத்தை அவர் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டார் என்றால், காப்பாற்றிய உயிர்களின் பக்கத்தை.

அந்தப் பக்கம் இன்னும் எழுதி முடியவில்லை. 1954ல் இந்திய விமானப்படை வாங்கிய முதல் ஹெலிகாப்டர் சிகோர்ஸ்கியின் எஸ்-55. 2015 டிசம்பரில் சென்னை முங்கியபோது மொட்டை மாடிகளில் நின்றவர்கள் எந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் கடற்படை ஹெலிகாப்டர் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியைக் கயிறு கட்டித் தூக்கியது. அன்றைக்கே அவருக்குக் குழந்தை பிறந்தது. ஒரு மொட்டை மாடியில் பெரிய எழுத்தில் ‘தேங்க்ஸ்’ என்று பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். மேலே பறக்கிறவர்கள் படிப்பதற்காக.

சிகோர்ஸ்கி 1972 அக்டோபர் 26ம் தேதி காலமானார். 83 வயது. அதற்கு முதல் நாள்கூட மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்.

சரி, நான் ஹெலிகாப்டர் ஓட்டப் போவதில்லை. அதற்கு ஆகிற செலவை விசாரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் இந்தக் கட்டுரையை எழுதி முடித்த கையோடு பரண் ஏறி வேறு ஒன்றை இறக்கியிருக்கிறேன். என்ன என்று கேட்காதீர்கள். இப்போதைக்குச் சில அங்குலம், சில விநாடிதான்.

உங்கள் பரணில் என்ன இருக்கிறது?